ஓய்வு கிடைக்காத செல்கள்

தெற்கு டெல்லியில், ஜே.என்.யூ. வளாகத்தை ஒட்டிய அருணா ஆசஃப் அலி சாலையில் ஐ.சி.ஜி.இ.பி. என்ற பன்னாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் ஒரு குழு, டெங்குவில் படுத்தவர்களின் ரத்தத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அன்மோல் சந்தேலே, காஜா முரளி கிருஷ்ணா முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரம் பதிவானது. காய்ச்சலில் கிடக்கும் நோயாளியின் ரத்தத்தில், வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லக்கூடிய டி செல்கள் ஏராளமாகப் பெருகியிருந்தன. கொல்வதற்கான புரதங்களும் அவற்றிடம் இருந்தன. ஆனால் டெங்கு வைரஸின் புரதத் துண்டுகளைக் காட்டித் தூண்டியபோது, அவற்றில் ஒரு சிறு பங்கு மட்டுமே இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்தது. மற்றவை சும்மா இருந்தன. ஏற்பியை விட்டுவிட்டு, செல்லின் உட்புறத்தை நேரடியாகத் தூண்டும் வேதிப்பொருளைக் கொடுத்ததும் அதே செல்கள் சுரந்தன. திராணி இருந்தது, வெளியிலிருந்து வரும் தூண்டுதலைத்தான் அவை அடக்கி வைத்திருந்தன.

எதற்காக அடக்க வேண்டும்? அத்தனை கோடி கொல்லும் செல்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கினால் வைரஸோடு சேர்ந்து ஈரலும் ரத்தக் குழாய்களும் பாழாகும். எதிர்ப்பாற்றல் என்பது தாக்குவது மட்டும் இல்லை, நேரத்தில் அடங்குவதும்தான்.

நோயாளியின் டி செல்களையே மரபணு மாற்றித் திருப்பி ஏற்றும் கார்-டி செல் புற்றுநோய்ச் சிகிச்சை சிலருக்கு ஏன் பாதியிலேயே பலன் இழக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் இந்த டெங்கு ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது. “செல்லுக்குப் பலம் பற்றவில்லை, இன்னும் வீரியமாகச் செய்யலாம்” என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். விஞ்ஞானிகளும் தொடக்கத்தில் அந்த வழியில்தான் போனார்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. அந்தச் செல்லுக்குப் பெரும்பாலும் குறைவாகக் கிடைப்பது பலம் இல்லை, ஓய்வு.

இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் கதை சுருக்கமாக இது. 2021 ஜூன் 4 அன்று மும்பை டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்தில், இங்கேயே உருவான கார்-டி செல்கள் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டன. செல்லை வடிவமைத்தவர்கள் ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வாரின் குழுவினர். சோதனைக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் வழியாக 19.15 கோடி ரூபாய் கிடைத்தது. நெக்ஸ்கார்19 என்ற அந்த மருந்துக்கு டெல்லியில் கோட்லா சாலையில் இருக்கும் மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரியில் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் கார்டெமி என்ற இரண்டாவது மருந்தைக் கொண்டுவந்தது; அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டெல்லியில் பிறந்த புற்றுநோய் மருத்துவரும் எழுத்தாளருமான சித்தார்த்த முகர்ஜி. அமெரிக்காவில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகும் சிகிச்சை இங்கே நாற்பது, ஐம்பது லட்சத்துக்கு இறங்கியது. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

டெல்லியில் இதைப் பெறும் ஒருவருக்கு என்னதான் நடக்கிறது? முதலில் கைகளில் ஊசி குத்தியோ, கழுத்துச் சிரையில் குழாய் செருகியோ ரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் ஓடவிடுகிறார்கள். அது சுழன்று பிரிந்து, வெள்ளையணுக்கள் ஒரு பையில் சேர, மிச்ச ரத்தம் உடம்புக்கே திரும்புகிறது. மூன்று, நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும். அதைச் சொன்னதும் நர்ஸ் கால்சியம் கொடுப்பார். பை விமானம் ஏறுகிறது. ஆய்வுக்கூடத்தில் அதிலுள்ள டி செல்களுக்குள், நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட லென்டிவைரஸ் ஒன்று புதிய மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செல்களைப் பெருக்கி, உறையவைத்து, திரவ நைட்ரஜன் கலத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். இதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நோயாளிக்கு மூன்று நாள் கீமோ கொடுத்து, பழைய டி செல்களைக் குறைத்து, புதியவற்றுக்கு இடம் உண்டாக்குகிறார்கள். பிறகு படுக்கைக்குப் பக்கத்திலேயே அந்தச் சிறு பையை 37 டிகிரி நீரில் உருக்கி ஏற்றுகிறார்கள். உறைபனியில் செல் சாகாதிருக்கச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தால் அறையில் பூண்டு வாடை அடிக்கும். அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் புதிய மரபணு செல்லுக்குக் கொடுப்பது ஒரு செயற்கை ஏற்பி. வெளிப்புறத்தில் ஆன்டிபாடியின் ஒரு துண்டு. அது பி செல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உட்புறத்தில் “கொல், பெருகு” என்று சொல்லும் புரதப் பகுதிகள். பி செல்லில் தோன்றும் ரத்தப் புற்றுநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் சிடி19 பெரும்பாலும் இருக்கும் என்பதால் இந்த இலக்கு பொருத்தமானது. நெக்ஸ்கார்19 சோதனையில் பலன் கணக்கிடக்கூடிய 51 பேரில் 73 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. இவர்கள் எல்லோரும் மற்ற மருந்துகள் கைவிட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்ற கிம்ரியாவின் சோதனையிலும் குழந்தைகள், இளைஞர்கள் 75 பேரில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதங்களுக்குள் நோய் அடங்கியது. ஓர் ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு அசம்பாவிதம் இல்லாமலும் இருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். இடையில் நழுவியவர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

ஒரு பகுதிக்கு விடை எளிது: புற்றுநோய் தப்பித்துக்கொள்கிறது. சிடி19 மரபணு சிதைந்த செல்களோ, அந்தப் புரதத்தின் பிடிபடும் பகுதியைத் தவிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் தயாரிக்கும் செல்களோ பிழைத்து மறுபடி பெருகுகின்றன. கார்-டி செல்லே கொல்லும்போது இலக்குப் புரதத்தைப் பிய்த்துத் தன் மேல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது புற்றுநோய்ச் செல்லில் அது குறைந்துவிடும். புரதம் ஒட்டிய டி செல்லைச் சக டி செல்களே கொல்லத் தொடங்கும். மார்கோ ருவெல்லாவும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட நிகழ்வு இவற்றையெல்லாம் மிஞ்சியது. ஓர் இளைஞருக்குச் செல் தயாரித்தபோது, டி செல்களோடு கலந்திருந்த ஒரே ஒரு புற்றுநோய்ச் செல்லுக்குள்ளும் அந்த மரபணு போய்விட்டது. அந்தச் செல்லில் உருவான செயற்கை ஏற்பி, அதே செல்லின் சிடி19ஐப் பிடித்து மூடிக்கொண்டது. கார்-டி செல்களின் கண்ணுக்குத் தெரியாமல் அது பெருகி, சுமார் ஒன்பது மாதங்களில் நோயாகத் திரும்பியது.

நோய் திரும்பும்போது காரணம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. சிடி19 நல்ல பி செல்களிலும் உண்டு. ஆகவே கார்-டி செல்கள் உயிரோடு வேலை செய்யும்வரை ரத்தத்தில் பி செல்லே இருக்காது. இதனால் ஆன்டிபாடி குறைந்து தொற்று வரும், சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டியிருக்கும். அது வேறு சிரமம். ஆனால் பி செல்கள் இல்லாமலே புற்றுநோய் மட்டும் திரும்பினால், அது ஒளிந்துகொண்டது என்று பொருள். ரத்தக் கணக்கில் நல்ல பி செல்கள் மெல்லத் தலைகாட்டினால், கார்-டி செல்கள் மறைந்துவிட்டன அல்லது வேலையை நிறுத்திவிட்டன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் முதல் ஆறு மாதங்களுக்குள் இப்படி நேர்ந்தால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்.

இந்த இரண்டாவது வகைதான் என்னை அதிகம் ஈர்ப்பது. செல்கள் ஏன் வேலையை நிறுத்துகின்றன?

இதற்கான விடை ஓர் எலி வைரஸிலிருந்து தொடங்கியது. ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு எமரியில் பேராசிரியரான ரஃபி அகமது, எல்.சி.எம்.வி. என்ற வைரஸின் இரண்டு ரகங்களைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். மேலே சொன்ன டெல்லி ஆய்வுக்கூடம் எமரியோடு இணைந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆர்ம்ஸ்ட்ராங் ரகத்தைச் செலுத்தினால் எலி ஒன்றரை வாரத்துக்குள் அதை விரட்டிவிடும். குளோன் 13 என்ற ரகத்தில் மரபணு வேறுபாடு மிகச் சொற்பம். ஆனால் அது மாதக்கணக்கில் உடம்பில் தங்கிவிடும். அப்படித் தங்கும்போது வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் அழிந்துபோகவில்லை. அங்கேயே செயலற்று இருந்தன என்று 1998இல் அவருடைய குழு காட்டியது. 2006இல் காரணம் பிடிபட்டது. ஓயாமல் தூண்டப்பட்ட அந்தச் செல்களின் மேல் பிடி-1 என்ற அடக்கும் ஏற்பி அடர்த்தியாக இருந்தது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ 1992இல் கண்டுபிடித்த புரதம் அது; அவருக்கு 2018 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எலிகளில் அதன் பிணைப்பை மறித்ததும் ஓய்ந்த செல்கள் மறுபடி எழுந்தன.

இங்கேதான் டெங்கு நோயாளியின் டி செல்லும் புற்றுநோயாளியின் டி செல்லும் வேறுபடுகின்றன. டெங்கு வைரஸ் சில நாட்களில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது, தூண்டுதல் நிற்கிறது. புற்றுநோய் போவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதே இலக்கு கண்முன் நிற்க, செல்லின் கருவுக்குள்ளேயே மாற்றம் இறுகிவிடுகிறது. டாக்ஸ் என்ற புரதத்தின் ஆட்சி தொடங்கி, டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி திறந்திருக்க வேண்டும், எது சுருண்டு மூடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடே மாறிப்போகிறது. பிடி-1ஐ மறித்துச் செல்லைத் தற்காலிகமாக எழுப்பலாம். அந்த ஏற்பாடு பெரும்பாலும் மாறுவதில்லை என்று 2016இல் இரு ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மருந்துக்கு எழுந்தவை எவை? அதே ஆண்டு ரஃபி அகமதுவின் குழு அதற்கும் விடை சொன்னது. இன்னும் முற்றாத, டிசிஎஃப்1 என்ற புரதத்தைத் தக்கவைத்திருந்த ஒரு சிறு கூட்டம் அது. தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, புதிய போராளிச் செல்களையும் பெற்றுத் தருவது அந்தக் கூட்டம்தான். அது தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது.

கார்-டி செல்லுக்கு இதைவிட மோசமான ஒரு தலைவிதி இருக்கக்கூடும். அப்போது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த கிரிஸ்டல் மாக்கால் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப்போட்டது. ஜிடி2 என்ற இலக்குக்காகச் செய்த செயற்கை ஏற்பிகள், எதிரில் புற்றுநோயே இல்லாதபோதும் செல்லின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரண்டன. உள்ளே சமிக்ஞை ஓயாமல் ஓடியது. டெல்லியின் ஐ.டி.ஓ. சிக்னலில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருப்பது போலத்தான். நோயாளியின் உடம்புக்குள் போகும் முன்பே, வளர்ப்புத் தட்டிலேயே அந்தச் செல்கள் களைத்துப்போயின. சிடி19 ஏற்பியில் இந்தத் தொல்லை குறைவு; இந்தச் சிகிச்சை முதலில் அங்கே வென்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

உட்புறத்தில் எந்தத் துணைச் சமிக்ஞையைப் பொருத்துகிறோம் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சிடி28 பொருத்திய செல் சட்டென்று பெருகும், ஆவேசமாகக் கொல்லும், சீக்கிரம் ஓயும். 4-1பிபி பொருத்தியது மெதுவாக எழும், நீண்ட நாள் இருக்கும். கிம்ரியாவிலும் நெக்ஸ்கார்19இலும் இருப்பது பின்னது.

2021இல் மாக்கால் குழுவே இன்னொன்றைக் காட்டியது. தசாட்டினிப் என்பது வேறொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு இந்தியாவிலும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை. டி செல்லுக்குள் ஏற்பியின் சமிக்ஞையை அது தற்காலிகமாக நிறுத்தும். களைத்துப்போன கார்-டி செல்களுக்கு அதைச் சில நாட்கள் கொடுத்து, பிறகு எடுத்துவிட்டபோது, அவை திரும்ப வேலை செய்தன. எலிகளில் விட்டுவிட்டுக் கொடுத்தபோது கட்டி நன்றாக அடங்கியது. முக்கியமானது இது: இறுகிவிட்டதாக நினைத்த டி.என்.ஏ. ஏற்பாடும் ஓய்வில் பெருமளவு இளகியது. பிடி-1ஐ மறிப்பது சாதிக்காததைச் சும்மா இருக்கவிடுவது சாதித்தது. நோயாளிகளுக்கு இது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. ஆனாலும் இந்தத் துறையில் நான் படித்தவற்றிலேயே அதிக நம்பிக்கை தந்த ஆய்வு இதுதான் என்பேன். செல்லின் மரபணுவில் இன்னும் எதையாவது கூட்டி, இன்னும் ஆக்ரோஷமாக்கும் முயற்சிகளைவிட இது உடம்பின் இயல்போடு ஒத்துப்போகிறது. ஃபாக்ஸோ1 என்ற புரதத்தைக் கூட்டி, செல்லை நினைவாற்றல் கொண்ட, நிதானமான நிலையில் வைத்திருக்கலாம் என்று 2024இல் இரண்டு குழுக்கள் காட்டியதும் இதே வழியில்தான்.

நினைவாற்றல் நிலை என்றேனே, அது புறப்படும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் கொண்ட 41 பேரின் செல்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியானது. பலன் பெற்றவர்களின் செல்களில் நினைவு டி செல்லின் அடையாளங்கள் இருந்தன. பலன் பெறாதவர்களின் செல்கள் ஏற்கெனவே முற்றி, சர்க்கரையை வேகவேகமாக எரித்து, களைப்பின் அறிகுறிகளோடு இருந்தன. வயது, நோயின் அளவு போன்றவை அவ்வளவாகத் துப்புத் தரவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2010இல் சிகிச்சை பெற்ற இருவரின் உடம்பில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் கார்-டி செல்கள் உயிரோடு இருந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓய்ந்துபோவது விதி அல்ல.

செல்லை முதுமையாக்குவது புற்றுநோய் மட்டும் இல்லை, நாமும்தான். ஆய்வுக்கூடத்தில் எத்தனை நாள் பெருக்குகிறோமோ அத்தனைக்கு அது முற்றுகிறது. குறைந்த நாட்களே வளர்த்த செல்கள், எண்ணிக்கையில் குறைவாக இருந்தும், எலிகளில் லுகேமியாவை நன்றாக அடக்கின. வேலூர் சி.எம்.சி.யில் நடந்த வெல்கார்ட் சோதனையில், மருத்துவமனையிலேயே சுமார் ஒன்பது நாளில் செல்களைத் தயாரித்து, உறையவைக்காமல் அப்படியே ஏற்றினார்கள். செலவு குறையும் என்பதற்காகத்தான் இந்த முறை அதிகம் பேசப்படுகிறது. செல்லின் இளமைக்கும், காத்திருக்க நேரமில்லாத நோயாளிக்கும் இது நல்லது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நுரையீரல், வாய், மார்பகம் போன்ற திடக் கட்டிகளில் மேலே சொன்ன எல்லாமும் சேர்ந்து வருகின்றன. செல் கட்டிக்குள் நுழைவதே கஷ்டம். நுழைந்தாலும் ஆக்சிஜன் குறைவு, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் புரதங்கள், எல்லாச் செல்லிலும் ஒரே சீராக இல்லாத இலக்கு. இன்னொரு காரணமும் உண்டு: ஏற்பியின் ஆன்டிபாடித் துண்டு எலியிலிருந்து வந்தது என்றால், நோயாளியின் உடம்பே அதை அந்நியம் என்று விரட்டக்கூடும். ஐஐடி பம்பாய்க் குழு அந்தத் துண்டை மனிதப் புரதத்தைப் போல மாற்றி அமைத்தது இந்தக் கவலையால்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு டெல்லியின் நடைமுறையைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இங்கே இந்தச் சிகிச்சை, நோய் திரும்பியவர்களுக்கும் மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் உரியது. அதிலும் நாற்பது லட்சத்துக்கு வழி தேடும் குடும்பம், முதலில் மலிவான இரண்டாவது கீமோவை, பிறகு மூன்றாவதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்துசேரும். 2025 ஏப்ரலில் டெல்லி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இணைந்தபோது மாநிலத்தின் பங்கையும் சேர்த்துக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது இந்தத் தொகையில் கால் பங்கைத் தாண்டாது. இப்படிக் கழியும் ஒவ்வொரு கீமோ சுற்றும் ரத்தத்தில் இருக்கும் இளம் டி செல்களைக் கரைக்கிறது. குழந்தைப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. கடைசி மருந்து என்று ஒதுக்கிவைப்பதே அந்த மருந்தின் பலனைக் குறைக்கிறது. முரட்டு நிணநீர்ப் புற்றுநோய் முதல் சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும் அதன்பின் ஓராண்டுக்குள் திரும்பியவர்களுக்கும், இரண்டாவது சிகிச்சையாகவே கார்-டி கொடுத்துப் பார்த்த சூமா-7 சோதனையில் நான்காண்டு முடிவில் 54.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம். இந்த வித்தியாசம் முழுக்க செல்லின் இளமையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

விலை இறங்கும்வரை ஒன்று செய்யலாம்; அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு வேண்டாம். பென்டாமஸ்டின் என்ற கீமோ மருந்து இந்தியாவில் நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படுவது. செல் சேகரிப்பதற்கு முந்தைய ஒன்பது மாதங்களுக்குள் அதைப் பெற்றவர்களுக்குக் கார்-டி பலன் குறைவு என்று ஐரோப்பிய மருத்துவமனைகளின் ஆய்வு 2024இல் காட்டியிருக்கிறது. ஆகவே நோய் முதல் தடவை திரும்பியதுமே, அடுத்த கீமோவை எழுதும் முன், இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் கேட்டுவிடலாம்: பின்னால் கார்-டி தேவைப்படக்கூடுமா? தேவைப்படலாம் என்றால், செல்களை இப்போதே எடுத்து உறையவைக்க முடியுமா, அல்லது டி செல்லைப் பாதிக்காத வேறு மருந்து உண்டா? எல்லா நோயாளிக்கும் “முடியும்” என்ற பதில் கிடைக்காது. நோய் வேகமாக இருந்தால் காத்திருக்கவும் முடியாது. இருந்தாலும், மூன்றாவது கீமோவுக்குப் பிறகு கேட்பதைவிட அன்றைக்குக் கேட்பது நல்லது.